ரோஜாத் தொட்டியில் தானாக முளைத்தது பருப்புக்கீரைதானா? தண்டு நீளுது, புளிக்குது

தாழ்வாரத்தோட்டம்:
வணக்கம். சிங்கப்பூர் ஈசூன், வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, 9வது மாடி. தாழ்வாரத்தில் காலை 8 முதல் 10.30 வரைதான் வெயில். ரோஜாத் தொட்டியில் பருப்புக்கீரை மாதிரி ஒன்று தானா படர்ந்திருக்கு. ஆனா எல்லாம் ஒரே செடியான்னு சந்தேகம். தண்டு நீளமா ஓடுது, இலை சின்னதா, தள்ளித் தள்ளி வருது. காலையில் பறிச்சுக் கூட்டு வெச்சா ஒரே புளிப்பு, கொழகொழப்பு வேற. கீழே புல்தரையிலும் நிறைய இருக்கு, அதைப் பறிக்கலாமா?

கீரைக்கட்டு:
முதலில் தண்டைக் கிள்ளிப் பாருங்க. பால் வந்தா அது பருப்புக்கீரை இல்லை. தரையோடு ஒட்டிப் படரும் சித்திரப்பாலாடையாவோ அம்மான் பச்சரிசியாவோ இருக்கும். அந்தப் பால் கண்ணில் பட்டா எரியும், கையைக் கழுவிடுங்க. பருப்புக்கீரைத் தண்டு சதைப்பிடிப்பா, வழவழன்னு இருக்கும். கிள்ளினா தெளிந்த நீர்தான் கசியும். ஐந்து இதழ் மஞ்சள் பூ காலை வெயிலில் விரிந்து மதியத்துக்குள் மூடிவிடும்.

ஒரே தொட்டியில் இரண்டும் பின்னி வளரும். அதனால் ஒரு தண்டைப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் அறுக்காதீங்க. ஒவ்வொரு தண்டா கிள்ளிப் பார்த்துத்தான் சட்டியில் போடணும்.

மண்வாசம்:
ரோஜாவுக்குப் பூச்சிமருந்து போட்டதுண்டா? குருணை மருந்து மண்ணில் போட்டிருந்தால் கீரையும் அதை வேர்வழியாக உறிஞ்சியிருக்கும். அந்தத் தொட்டிக் கீரையைச் சாப்பிடவே வேண்டாம். விதையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பூ உதிர்ந்த இடத்தில் சின்னச் சிமிழ் இருக்கும்; முற்றியதும் மேல்மூடி தொப்பி போலக் கழன்றுவிடும். அடியில் தாளை விரித்துத் தட்டினால் கறுப்பு விதை கொட்டும்.

15 செ.மீ. ஆழத் தொட்டி போதும். மண் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு. விதையை மணலோடு கலந்து மேலாகத் தூவி அழுத்திவிடுங்கள், மூடாதீர்கள். வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். மண் போட்டு மூடிவிட்டு 'முளைக்கலையே' என்பவர்கள்தான் அதிகம்.

தண்டு நீள்வது வெயில் போதாததால். இரண்டரை மணி நேரம் இதற்குக் காணாது. நாலைந்து மணி நேரமாவது வேண்டும். உரம் போட்டால் இன்னும்தான் நீளும். டிசம்பர் மழையில் மண் ஈரமாகவே கிடந்தால் தண்டு அழுகும். மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றுங்கள். தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், ஏடிஸ் கொசு முட்டையிடும்.

கீரைக்கட்டு:
புளிப்புக்குக் காரணம் பறிக்கும் நேரம். தண்ணீர் குறைஞ்சா இந்தச் செடி இரவில் காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து மாலிக் அமிலமா இலையில் சேர்த்து வைக்கும், பகலில் அதைச் செலவழிக்கும். அதனால் காலையில் புளிப்பு உச்சத்தில் இருக்கும். முதல்நாளே தண்ணீர் ஊற்றி, மறுநாள் பிற்பகல் 3 மணிக்கு மேல் பறிங்க. அடியில் 5 செ.மீ. விட்டு நறுக்கினா திரும்பத் துளிர்க்கும்.

கொழகொழப்பு இதன் இயல்பு, ரொம்ப வெந்தா கூடும். பருப்பை முழுசா வேகவைத்து, கீரையைக் கடைசி 3 நிமிடம் மட்டும் போடுங்க. புளி சேர்க்கவே வேண்டாம்.

மண்வாசம்:
சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு இது ஒத்துவராது, ஆக்சலேட் அதிகம். மற்றவர்களும் கொதிநீரில் போட்டு வடித்துவிட்டுச் சமைத்தால் ஓரளவு குறையும்.

கீழே உள்ளதைப் பறிக்க வேண்டாம். புல்தரையில் களைக்கொல்லி அடித்திருக்கலாம், நாய் நடமாட்டமும் உண்டு. பூங்காக்களில் என்றால் அனுமதியில்லாமல் செடி பறிப்பதே குற்றம்.

தாழ்வாரத்தோட்டம்:
கிள்ளிப் பார்த்தேன், ஆறில் இரண்டு தண்டில் பால் வந்தது. ரோஜாவுக்குக் குருணை மருந்து போட்டது உண்மைதான். எல்லாத்தையும் எடுத்துட்டேன், விதை மட்டும் தாளில் இருக்கு. சமையலறை ஜன்னல் பக்கம் பிற்பகல் வெயில் 4 மணி நேரம் வருது, உள்பக்கம் தொட்டி வைக்கலாமா?

மண்வாசம்:
தாராளமாக. கண்ணாடியைத் திறந்து வையுங்கள். தொட்டியை மட்டும் ஜன்னல் விளிம்பில் ஏற்றாதீர்கள், கீழே விழுந்தால் ஆபத்து.