மறு: ‘ஸ்டார்ம் சர்ஜ்’ தமிழில்: கடலேற்றம் என்று வைக்கலாம்

நண்பர்களே, வணக்கம். புயலின்போது கடல்மட்டம் வழக்கத்துக்கு மேல் உயர்ந்து நிற்பதைத்தான் ஆங்கிலத்தில் ‘ஸ்டார்ம் சர்ஜ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற இழைக்கு என் பதில் இது.

> நாளிதழ்களில் வருகிறபடி ‘புயல் அலை’ என்றே வைத்துக்கொள்ளலாமே.

குடந்தை ஐயா சொன்ன இந்தச் சொல் எளிமையானதுதான். ஆனால் நாம் தமிழ்க் குறிப்பு எழுதப்போகும், கடல்மட்டத்தைக் கணிக்கும் அட்சிர்க் (ADCIRC) மென்பொருளிலேயே இது இடிக்கும்.

அட்சிர்க் கடலையும் கரையையும் சிறு சிறு முக்கோணங்களாக வெட்டிக்கொள்கிறது. காற்று தள்ளுவதாலும் காற்றழுத்தம் குறைவதாலும் ஒவ்வொரு முனையிலும் கடல்மட்டம் எவ்வளவு மாறும் என்று கணக்குப் போடுகிறது. ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் நிறுவனம் நம் கரைக்குக் கணிப்பதும் இதை வைத்துத்தான். அலையைக் கணக்கிட ஸ்வான் என்று தனியாக இன்னொரு திறமூல மென்பொருள் உண்டு. இரண்டையும் இணைத்து ஓட்டுவார்கள். அப்போது ஒரே படத்தில் ‘புயல் அலை உயரம்’ ஒன்று, ‘அலை உயரம்’ ஒன்று என்று வந்தால், இரவு பதினொரு மணிக்கு அதைப் பார்க்கும் ஊராட்சித் தலைவர் எந்த எண்ணை நம்பி மக்களை வெளியேற்றுவார்?

இழையில் வந்த ‘புயல் பேரலை’யும் வேண்டாம். நாகையில் ‘பேரலை’ என்றால் 2004 டிசம்பர் 26தான் கண்முன் வரும். அந்த ஊர்க்காரர்களுக்கு அனுப்பும் எச்சரிக்கையில் இந்தச் சொல்லை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

அலை வரும், போகும். இதுவோ மணிக்கணக்கில் ஏறி நிற்கும். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும், அவ்வளவுதான். பெரும்பகுதி காற்றின் வேலை. ஆழம் குறைந்த கடலில் காற்று தள்ளும் நீருக்குக் கீழே திரும்பிப்போக இடமில்லை, கரையில் குவிகிறது. டெல்டாவுக்கு இதில் இரட்டை அடி. கடல் ஏறி நின்றால் வடிகால் ஆறுகளின் முகத்துவாரத்தில் மழைவெள்ளம் வடியாது. உப்புநீர் ஆற்று வழியே எதிர்த்து உள்ளே வரும். கடைமடையில் இதை ‘உப்புத்தண்ணி ஏறிடுச்சு’ என்றுதான் சொல்வார்கள். வினைச்சொல் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. அதிலிருந்து ‘கடலேற்றம்’ என்று பெயராக்கிக்கொள்வோம்.

‘எழுச்சி’ என்று காரைக்கால் நண்பர் சொன்னதும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு எதிர்ச்சொல் வேண்டுமே? அட்சிர்க் கடல்மட்டத்தை எழுதிவைக்கும் ஃபோர்ட்.63 கோப்பைத் திறந்து பாருங்கள், கழித்தல் குறியோடும் எண்கள் வரும், அதாவது கடல் இறங்கவும் செய்யும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியதே, அதையே எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்தில் புயல் கடிகாரத்துக்கு எதிராகச் சுழலும். அதனால் மையத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் போல தெற்கு நோக்கிய கரையிலோ, புயல் நெருங்கும்போது வடக்குக் காற்று கடலை வெளியே தள்ளும். மையம் கடந்த பின் தெற்குக் காற்று அதே நீரைத் திருப்பிக் கொண்டுவரும். கடல் உள்வாங்கியதைப் பார்த்து ஆபத்து போய்விட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்த முதல் கட்டத்தைக் ‘கடலிறக்கம்’ என்று எழுதிவிடலாம், இணைச்சொல்லாக நிற்கும்.

‘புயலேற்றம்’ என்றால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். அதைப் படிப்பவர் புயல் வலுக்கிறது என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். ‘நீரேற்றம்’ என்றால் நீரேற்று நிலையம் ஞாபகத்துக்கு வரும். பருவநிலை மாற்றத்தால் ஆண்டுக்கணக்கில் நடப்பதற்குக் ‘கடல்மட்ட உயர்வு’ நிலைத்துவிட்டதால் அதோடு குழப்பம் வராது. ஆய்வுக் கட்டுரையில் ‘புயல்சார் கடலேற்றம்’ என்று முழுதாக எழுதட்டும். எச்சரிக்கையில் ‘கடலேற்றம்’ போதும்.

அப்புறம் ‘ஸ்டார்ம் டைட்’. கடல் தினமும் ஏறி இறங்குவதற்குப் பள்ளிப் புத்தகத்தில் ‘ஓதம்’ என்ற சொல் இருக்கிறது. வழக்கமான ஓதமும் கடலேற்றமும் சேர்ந்த மொத்த மட்டத்தைப் ‘புயல் ஓதம்’ எனலாம். வானிலைத் துறை அறிக்கைகளில் ‘வழக்கமான ஓதத்துக்கு மேல் இத்தனை மீட்டர்’ என்று வருவது கடலேற்றம் மட்டும்தான். உயர் ஓத நேரத்தில் புயல் கரையேறினால் தண்ணீர் அதற்கும் மேலே நிற்கும். இந்த இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிடாதீர்கள், தயவுசெய்து.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். குறிப்பாக கோடியக்கரை, ஆறுகாட்டுத்துறை பக்கத்து மீனவர்கள் இதற்கு வேறு சொல் வைத்திருந்தால் அதற்கே முதலிடம். இல்லையென்றால் மொழிபெயர்ப்புக் கோப்பில் கடலேற்றம், கடலிறக்கம், புயல் ஓதம் ஆகிய மூன்றையும் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
திருத்துறைப்பூண்டியிலிருந்து