பெரிய நாயோட காட்டுப் பாதையில 20 கிலோமீற்றர் ஓடலாமோ?

மாங்குளத்தான்:
வணக்கம் எல்லாருக்கும். எங்கட வீட்டில ஒரு அல்சேசன் கலப்பு நிக்குது, ஆண், ரெண்டு வயசு முடிஞ்சிது, 36 கிலோ. காலமையில ஏ9 கரையால அஞ்சு கிலோமீற்றர் என்னோட ஓடி வரும், வீட்ட வந்தும் களைப்பில்லாமல் கோழியைத் துரத்துது. ஒட்டுசுட்டானில எங்கட ஆக்கள் இருக்கினம், அங்க நிண்டு முத்தையன்கட்டுப் பக்கம் காட்டுப் பாதையளால போய்த் திரும்ப ஒரு 20 வரும், இவனையும் கூட்டிக்கொண்டு ஓடோணும் எண்டு ஆசை. ஆரும் இப்பிடி ஓடுறனிங்களோ? சாப்பாடு, தண்ணி என்ன மாதிரி?

குளக்கட்டு:
தம்பி, சாப்பாடு தண்ணி பேந்து பாப்பம், முதல் பாதையைப் பாரும். உள்ளுக்க கட்டுத்துவக்கு இருக்கும், கம்பியில தட்டுப்பட்டால் தானா வெடிக்கிற துவக்கு. மிருகம் நடக்கிற ஒற்றையடிப் பாதைக்குக் குறுக்கால மெல்லிய கம்பி கட்டியிருப்பாங்கள், பண்டியின்ர உயரத்துக்கு, அது உம்மட முழங்கால், நாயின்ர நெஞ்சு. ஓடிக்கொண்டு போகேக்க காலமை இருட்டுக்க அது கண்ணில படாது. அதைவிட மோசம் பண்டிக்கு வைக்கிற வெடி, சாப்பாட்டுக்குள்ள மறைச்சுப் போட்டிருப்பாங்கள், மனுசன் மிதிக்காமல் தாண்டிப் போவான் ஆனா நாய் மணந்து பிடிச்சுக் கடிச்சுதெண்டால் தாடை போயிடும். முல்லைத்தீவுப் பக்கம் கண்ணிவெடி எடுக்கிற வேலையும் இன்னும் முடியேல்ல. சிவப்பு மண்டையோட்டுப் பலகை இல்லாத இடமெல்லாம் துப்புரவாக்கின இடம் எண்டு நினைச்சு நாய்க்குப் பின்னால பத்தைக்குள்ள இறங்காதையும்.

யானையும் சொல்லோணும். நாய் கண்டால் குலைக்கும், யானை கலைச்சால் திரும்பி ஓடி வாறது உம்மட்டத்தான். பாலைப்பழக் காலத்தில கரடியும் அப்பிடித்தான்.

வாய்க்கால் கரைக் கிறவல் ரோட்டு, குளக்கட்டு, வயல் ரோட்டு, இதுகளில ஓடும். ரெண்டு பக்கமும் தெரியும், காலமையில சனமும் போய்வரும். சுண்டிக்குளம் பக்கம் யோசிக்கவே வேண்டாம், அது 2015இல இருந்து தேசியப் பூங்கா.

தட்டுவன்கொட்டி:
உதெல்லாம் கூடப் பயப்படுத்துறியள் அண்ணை. எங்கட ஊர் நாயள் வேட்டைக்குப் போனால் விடிஞ்சதில இருந்து பொழுதுபடும் வரைக்கும் காட்டுக்க ஓடுதுகள், ஒண்டும் ஆகேல்லையே.

உண்ணிபுடுங்கி:
தட்டுவன்கொட்டி, உங்கட ஊர் நாய் 15 கிலோவும் வராது, குட்டை மயிர், நினைச்ச இடத்தில நிழலில படுக்கும். இது 36 கிலோ, உள்மயிர் வைச்ச சாதி, சங்கிலியில கட்டினபடி எசமானோட ஓடுது. எசமான் நிக்குமட்டும் அது நிக்காது, விழுந்தால்தான் உங்களுக்குத் தெரியும்.

நாய்க்கு எங்களை மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு இளைச்சுத்தான் சூட்டை விடும். சாதாரணமா உடம்புச் சூடு 38.3இல இருந்து 39.2 பாகை, 41ஐத் தாண்டினால் உயிராபத்து. நாக்கு அகண்டு கருஞ்சிவப்பாகி, வீணி கயிறு மாதிரித் தடிச்சு, பின்னங்கால் தடுமாறினால் அந்த இடத்திலயே நிழலுக்க விட்டுத் தண்ணியை ஊத்து ஊத்தெண்டு ஊத்தி விசிறுங்கோ, அதுக்குப் பிறகுதான் ஓட்டோவில ஏத்தி மிருக வைத்தியரிட்டப் போறது. பங்குனி சித்திரையில 20 எண்டது பேசவே தேவையில்லை. மழை விட்ட தை மாசத்தில தொடங்கி, விடிய வெள்ளண வெளிக்கிட்டு வெயிலேற முதல் வீட்ட நிக்கோணும். தூரத்தையும் அஞ்சில இருந்து ஒரேயடியா ஏத்தாமல், கிழமைக்கு ஒண்டு ரெண்டு கிலோமீற்றரா.

சாப்பாடு ஓடி முடிஞ்சு இளைப்பு அடங்கினாப் பிறகு. நெஞ்சு ஆழமான பெரிய நாய் வயிறு நிறையத் திண்டிட்டு ஓடினால் வயிறு ஊதி முறுகிப்போற ஆபத்து இருக்கு, சத்தி எடுக்கப் பாக்கும் ஒண்டும் வராது, அதுக்கு ஒப்பரேசன்தான், மணித்தியாலக் கணக்கிலதான் நேரம். தண்ணி நீங்களே கொண்டு போங்கோ. குளத்தில விளிம்பில குனிஞ்சு குடிக்கிற நாய் முதலைக்கு வசதி, வாய்க்கால் தண்ணியில வயலுக்கு அடிச்ச மருந்து வரும். வந்தவுடன காது, விரலிடுக்கு, வாலடி எல்லாம் தடவி உண்ணி பாருங்கோ. ஒண்டு ரெண்டு கிழமை கழிச்சுப் படுத்து, முரசு வெளிறி, மூத்திரம் கோப்பி நிறத்தில போனால் ஓடின களைப்பெண்டு விட்டிடாதைங்கோ, அது உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம்.

மாங்குளத்தான்:
நன்றி, காட்டுப் பாதையை விட்டிட்டன். வாய்க்கால் ரோட்டில ஆறு கிலோமீற்றரோட தொடங்கப் போறன். இடுப்பில கட்டுற பெல்ட் ஒண்டு ஓடர் பண்ணினனான், கை ரெண்டும் சும்மா இருக்குமெண்டு, அது சரிதானே?

குளக்கட்டு:
சரி, ஆனா ஒரு இழுவையில கழருற கொளுக்கி இருக்கோ எண்டு பாத்து எடும். 36 கிலோ முயலைக் கண்டு பாய்ஞ்சால் நீர் வாய்க்காலுக்கதான். ஊருக்குள்ளால போகேக்க ஒரு தடியும் கையில வைச்சிரும், தெரு நாயள் கூட்டமா வரும். விசர்நாய்த் தடுப்பூசித் துண்டில திகதியைப் பாத்தனீரோ?

மாங்குளத்தான்:
போன மாசத்தோட முடிஞ்சிருக்கு அண்ணை. நாளைக்குக் கொண்டு போறன்.