லட்டுக்கு வாங்கிய பிசின் நெய்யில் சரியாகப் பொரியவில்லை, என்ன செய்யலாம்?

சிப்புட் சமையல்கட்டு:
எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். பிள்ளை பெற்ற மருமகளுக்குப் பிசின் லட்டு பிடிக்க வேண்டும். மளிகைக் கடையில் வாங்கிய பாக்கெட்டில் ‘பிசின்’ என்று மட்டும்தான் போட்டிருக்கிறது. நெய்யில் போட்டால் பாதி பூப்போலப் பொரிகிறது, மீதி கல்லு மாதிரி நின்று பல்லில் ஒட்டுகிறது. இது வேறு பிசினா? சீன மருந்துக் கடையில் பொன்னிறக் கட்டியாக ஒன்று விற்கிறார்களே, அது ஆகுமா? தோட்டத்துச் சாலையோரம் இருக்கும் அக்காசியா மரத்திலும் பிசின் வழிகிறது, அதை எடுக்கலாமா?

நாட்டுமருந்துப் பெட்டி:
பாதியாவது பொரிகிறது என்றால் உங்களிடம் இருப்பது லட்டுக்குப் போடும் வேலம் பிசின்தான் அக்கா, கவலை வேண்டாம். பாதாம் பிசின் நெய்யில் இப்படிப் பொரியாது. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டு வையுங்கள். வேலம் பிசின் கரைந்து தண்ணீரே லேசாகப் பிசுபிசுக்கும், அடியில் மரப்பட்டைத் தூளும் மண்ணும் தங்கும். பாதாம் பிசின் கரையாது, ஊதிப் பெருத்து ஜெல்லியாக நிற்கும். ரோஸ் சிராப்பில் போட்டுக் குடிக்க அது அருமை, லட்டுக்கு ஆகாது.

சீன மருந்துக் கடையில் இருப்பது பெரும்பாலும் பீச் மரத்துப் பிசின். அதுவும் ஊறவைத்து இனிப்பு சூப்பில் போடுவதுதான்.

சாலையோர மரத்தைத் தொடாதீர்கள். இங்கே நட்டிருப்பது மாஞ்சியம் என்ற அக்காசியாவும் அதன் உறவு மரங்களும், ஆஸ்திரேலியப் பக்கத்து வகைகள். சாப்பாட்டுக்கு வருவது சூடான் பக்கம் விளையும் செனகல், சேயல் என்ற அக்காசியா வகைகளின் பிசினும், இந்தியாவில் கருவேல மரத்துப் பிசினும். சீமைக் கருவேலம் முற்றிலும் வேறு மரம், அதையும் சேர்க்க வேண்டாம்.

நெய்வாசம்:
பொரியாததற்குக் காரணம் இரண்டு: ஈரம், அளவு. நம் ஊர்க் காற்றில் பாக்கெட்டைப் பிரித்து வைத்தாலே பிசின் ஈரம் இழுத்துவிடும். ஈரப் பிசின் நெய்யில் சடசடக்கும், பிறகு விறைத்து நிற்கும். தட்டில் பரப்பி இரண்டு நாள் நல்ல உச்சி வெயிலில் காயவையுங்கள். மழைக்காலம் என்றால் ஓவனில் 60 டிகிரி செல்சியஸில் கதவைச் சற்றே திறந்து வைத்து ஒன்றரை மணி நேரம். ஆறியதும் உடனே இறுக்க மூடும் பாட்டிலில் போட்டுவிட வேண்டும். வெளியே விட்டால் மறுபடி பழைய கதைதான்.

அடுத்தது அளவு. பெரிய கட்டியை அப்படியே போட்டால் வெளியே சிவந்துவிடும், நடுவில் பச்சையாகவே இருக்கும். பல்லில் ஒட்டுவது அந்த நடுப்பகுதிதான். உரலில் லேசாகத் தட்டி மிளகு அளவுக்கு உடையுங்கள். தூளாக்கிவிடாதீர்கள், தூள் அடியில் போய்த் தீயும்.

100 கிராம் பிசினுக்கு 250 கிராம் நெய், 250 கிராம் கோதுமை மாவு, 200 கிராம் வெல்லத்தூள், பாதாமும் முந்திரியும் சேர்ந்து 100 கிராம், கொப்பரைத் துருவல் 50 கிராம், ஒரு மேசைக்கரண்டி சுக்குத்தூள், கொஞ்சம் ஏலக்காய். சின்ன குழிந்த சட்டியில் 150 கிராம் நெய்யை மிதமான தீயில் காயவைத்து ஒரே ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள். சில நொடியில் மேலே எழும்பி வெள்ளையாக விரிய வேண்டும். அடியில் கிடந்து இளகினால் சூடு போதாது, உடனே பழுப்பானால் அதிகம். சரியானதும் ஒவ்வொரு தேக்கரண்டியாகப் போட்டு எடுங்கள். ஒரே நேரத்தில் நிறைய போட்டால் நெய்யின் சூடு இறங்கி எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எடுத்ததில் ஒன்றை விரலால் நசுக்கினால் மொறுமொறுவென்று தூளாக வேண்டும். ஆறியதும் கிண்ணத்தின் அடியால் நொறுக்கிக்கொள்ளுங்கள்.

அதே சட்டியில் மீதி நெய்யையும் சேர்த்து மாவைச் சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம், பச்சை வாடை போய்ப் பொன்னிறமாகும் வரை வறுங்கள். இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே வெல்லத்தூள், பருப்பு, கொப்பரை, பிசின் எல்லாம் கலந்து பிடிக்க வேண்டும். வெல்லப் பாகு காய்ச்சி ஊற்றாதீர்கள். பொரிந்த பிசின் பாகின் ஈரத்தில் இளகிச் சவசவத்துப் போகும். உருண்டை பிடிபடவில்லை என்று பால் தெளிப்பவர்களும் உண்டு. அது இன்னும் மோசம், நாலு நாளில் கெட்டுவிடும். ஒரு கரண்டி உருக்கிய நெய் விட்டால் போதும்.

சிப்புட் சமையல்கட்டு:
நன்றி. வெல்லத்துக்குப் பதில் குலா மெலாகா (இங்கே கிடைக்கும் தென்னை வெல்லம்) போடலாமா? பிள்ளை பெற்றவளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை கொடுப்பது? பத்தியத்துக்காகத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள்.

சுக்கும் மிளகும்:
தண்ணீரைக் குறைக்கவே கூடாது அக்கா, இதுதான் முக்கியம். வேலம் பிசின் கரையும் நார்ச்சத்து. செரிக்காமல் பெருங்குடல் வரை போய் அங்கே கிருமிகளால் புளிக்கும். தண்ணீர் போதாத உடம்பில் நார்ச்சத்து கூடினால் மலச்சிக்கல் அதிகமாகும், பிரசவப் புண்ணோடு இருப்பவளுக்கு அது பெரும் வேதனை. பெரியவர்கள் மனம் கோணாமல் வெதுவெதுப்பான சீரகத் தண்ணீராகக் கொடுத்தால் பத்தியமும் கெடாது.

மேலே சொன்ன அளவில் சுமார் 30 உருண்டை வரும், ஒன்றில் 3 கிராம் பிசின் இருக்கும். முதல் சில நாள் காலையில் ஒன்று. வயிறு உப்பாமல் இருந்தால் மாலையிலும் ஒன்று. மகாராஷ்டிராவின் டிங்க லட்டும் குஜராத்தின் குந்தர் பாக்கும் பிசின் சேர்த்த குளிர்காலப் பண்டங்கள், நம் வெயிலில் அதற்கு மேல் தாங்காது. லட்டு தரும் தெம்பு நெய், பருப்பு, மாவிலிருந்து வருவது. பிசினில் புரதம் சுமார் 2 சதவீதம்தான். அதனால் லட்டு இருக்கிறதே என்று மீன், முட்டை, கீரையைக் குறைத்துவிடாதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர், அறுவை செய்து பிள்ளை பெற்றவர் என்றால் தாய்சேய் கிளினிக்கில் கேட்டுவிட்டே தொடங்குங்கள். அமாக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கொடுத்திருந்தால் பிசினையும் அதையும் ஒரே வேளையில் சாப்பிடக் கூடாது, மருந்து உடம்பில் சேர்வதைப் பிசின் குறைக்கும்.

வறட்டு இருமலுக்கு மிளகளவு பச்சைப் பிசினை வாயில் அடக்கிக் கரைய விடும் வழக்கமும் உண்டு, தொண்டையில் பூச்சாக நின்று அரிப்பைத் தணிக்கும். பெரியவர்களுக்கு மட்டும். சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டியாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும்.

நெய்வாசம்:
குலா மெலாகா ஈரப்பதம் கூடியது, அப்படியே போட்டால் லட்டு இரண்டு நாளில் பிசுபிசுத்துவிடும். அந்த ருசிதான் வேண்டும் என்றால் துருவி, ஓவனில் பிசினுக்குப் பிறகு அதே மிதமான சூட்டில் உலர்த்தி, பாதிக்குப் பாதி வெல்லத்தூளோடு கலந்து போடுங்கள். செய்த லட்டில் ஒரு வாரத்துக்கானதை மட்டும் வெளியே வைத்துவிட்டு மீதியைக் காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். எடுக்கும்போது டப்பா அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள், இல்லாவிட்டால் உள்ளே வேர்த்துப் பிசின் இளகிவிடும்.