ரெட்ரோஃபிட் மில்லிங்: எக்ஸ் முழு தூரம் ஓடல, ஒய் சும்மா சும்மா லிமிட் அடிக்குது

டேபிள்600:

வணக்கம். பெட் டைப் மில்லிங் ஒன்றில் பழைய கன்ட்ரோலை எடுத்துவிட்டு லினக்ஸ்சிஎன்சி 2.9 (பிசியில் ஓடும் மெஷின் கன்ட்ரோல் சாஃப்ட்வேர்) போட்டாச்சு. மேசா 7ஐ76ஈ கார்டு, மூணு ஆக்சிஸும் ஏசி சர்வோ, ஸ்டெப்-டைரக்ஷன். மோட்டார் ஒரு சுத்துக்கு 4000 பல்ஸ் என்று டிரைவில் செட் பண்ணியிருக்கு, பெல்ட் 2:1 குறைப்பு. பழைய லீட்ஸ்குரூவுக்குப் பதிலா 5 மிமீ பிட்ச் பால்ஸ்குரூ. நேம்பிளேட்டில் டிராவல் 600 × 400 × 450. லிமிட் விஷயத்தில் மூணு தொல்லை.

எக்ஸ்: ஹோம் ஆனதும் (ஹோம் சுவிட்சைத் தட்டி தன் இடத்தைத் தெரிஞ்சுக்கிட்டதும்) ஓட்டினா பிளஸ் பக்கம் 600.000இல் நிற்குது. அங்கிருந்து பிளஸ் லிமிட் சுவிட்ச் தட்ட இன்னும் 22 மிமீ இருக்கு. மைனஸ் பக்கம் 0.000இல் நிற்குது, அங்கேயும் 16 மிமீ மிச்சம். சரி, 600 கிடைச்சிருச்சே என்று பார்த்தால், டேபிளில் ஸ்டீல் ரூல் வைத்து அளந்தா 590 சொச்சம்தான் ஓடியிருக்கு.

ஒய்: வேலை நடுவில் "ஜாயின்ட் 1 ஆன் லிமிட் சுவிட்ச் எரர்" (ஜாயின்ட் 1 என்றால் ஒய்) வந்து மெஷின் ஆஃப் ஆகிடுது. டேபிள் நடுவில் இருக்கும்போதும் வருது. ஸ்பிண்டில் ஸ்டார்ட் ஆகும்போது அதிகம்.

இசட்: சில டூலுக்கு மட்டும் "லைன் 14, இசட் பாசிட்டிவ் லிமிட்டைத் தாண்டும்" என்று புரோகிராம் நிற்குது. ஜி54 (வேலைப் பொருளின் ஜீரோ) இசட் -180, அந்த டூல் நீளம் 150, லைன் 14இல் இருப்பது ஜி0 இசட்50 (வேகமா இசட் 50க்குப் போ).

எக்ஸ் ஐஎன்ஐ (செட்டிங் ஃபைல்):
மின்_லிமிட் = 0
மேக்ஸ்_லிமிட் = 600
ஸ்கேல் = 1574.803
ஹோம்_ஆஃப்செட் = 600
ஹோம் = 590
ஹோம்_சர்ச்_வெல் = 20
ஹோம்_லேட்ச்_வெல் = 0.5

ஹோம் சுவிட்ச் தனி, பிளஸ் பக்கம். ஒய்யில் மட்டும் ஹோமும் லிமிட்டும் ஒரே வயர்.

---

பல்ஸ்கணக்கு:

எக்ஸுக்கு மட்டும் சொல்றேன். உங்க ஸ்கேல் எண்ணே (1 மிமீக்கு எத்தனை பல்ஸ்) காட்டிக்கொடுக்குது. 4000 × 2 ÷ 5.08 = 1574.803. அந்த 5.08 என்பது இஞ்சுக்கு 5 த்ரெட் உள்ள பழைய ஸ்குரூவின் கணக்கு. ஸ்குரூவை மாத்தினீங்க, ஐஎன்ஐயை மாத்தல. இப்போ வர வேண்டியது 8000 ÷ 5 = 1600.

600 × 5 ÷ 5.08 = 590.55. நீங்க அளந்த "590 சொச்சம்" இதுதான்.

இதில் இரண்டு தப்பு ஒன்னா கலந்திருக்கு. பிரிச்சுப் பார்க்க ஒரு சோதனை போதும்: 100 நகர்த்தி அளங்க, 500 நகர்த்தி அளங்க. தூரம் கூடக் கூட வித்தியாசமும் கூடினா (இங்க 98.43, 492.13 வரும்) அது ஸ்கேல். எங்க அளந்தாலும் ஒரே அளவு தள்ளியிருந்தா அது ஹோம்_ஆஃப்செட் (ஹோம் சுவிட்ச் தட்டும் இடத்துக்குக் கொடுத்த எண்). இவ்வளவு பெரிய பிழைக்கு ஸ்டீல் ரூலே போதும், ஆனா இரண்டு தடவையும் ஒரே திசையிலிருந்து வந்து நிறுத்தி அளங்க. இல்லாட்டி பேக்லாஷ் (திசை மாறும்போது வரும் தளர்வு) உள்ளே நுழைஞ்சிடும். அளந்த விகிதத்தை வச்சு ஸ்கேலை 1599.4, 1600.7 என்று சரிக்கட்டாதீங்க. பல்ஸும் பெல்ட்டும் பிட்ச்சும் சேர்ந்து முழு எண் தரும்போது அந்த எண்தான் சரி. அளவு ஒத்துவரலைன்னா பெல்ட் பல்லையோ டிரைவ் எலக்ட்ரானிக் கியரையோ (டிரைவில் உள்ள பல்ஸ் விகித செட்டிங்) எண்ணிப் பாருங்க.

ஸ்கேல் சரியான பிறகு ஆஃப்செட். மின்_லிமிட்டை -50, மேக்ஸ்_லிமிட்டை 700 என்று தற்காலிகமா வச்சு, ஹோம் பண்ணி, நிமிடத்துக்கு 60 மிமீ வேகத்தில் ஒவ்வொரு பக்கமும் சுவிட்ச் தட்டும் வரை ஓட்டுங்க. தட்டும்போது டிஆர்ஓ (திரையில் தெரியும் இட அளவு) காட்டுற எண்ணைக் குறிச்சுக்கோங்க. ஒவ்வொரு தடவையும் மெஷின் ஆஃப் ஆகும். "ஓவர்ரைட் லிமிட்ஸ்" டிக் பண்ணி வெளியே ஜாக் பண்ணிக்கலாம்.

இன்னொன்னு: டேபிள் நகரும் மெஷினில் எக்ஸ் பிளஸ் என்றால் டேபிள் இடது பக்கம் போகும், ஏன்னா கணக்கு டூல் பக்கத்திலிருந்து. இதைக் குழப்பிக்கிட்டு ஆஃப்செட்டைத் தப்புப் பக்கம் திருத்தினா பிழை இரட்டிப்பாகும்.

---

டேபிள்600:

ஸ்கேல் 1600 போட்டாச்சு, 500க்கு 500 வருது. நன்றி சார். ஆனா [ஆக்சிஸ்_எக்ஸ்] இல் -50, 700 போட்டு ரீஸ்டார்ட் பண்ணியும் 600லேயே நிற்குதே?

---

பல்ஸ்கணக்கு:

[ஜாயின்ட்_0] இலும் அதே இரண்டு வரி இருக்கு பாருங்க. 2.8லிருந்து ஆக்சிஸும் (எக்ஸ் மாதிரி திசை) ஜாயின்ட்டும் (அதை ஓட்டும் மோட்டார்) தனித்தனி. இரண்டு லிமிட்டில் எது முதலில் வருதோ அங்க நிற்கும். எம்டிஐயில் (ஒரு வரி கட்டளை கொடுக்கும் இடம்) ஜி53 ஜி0 எக்ஸ்650 (மெஷின் கணக்கில் எக்ஸ் 650க்குப் போ) கொடுத்தா மெசேஜே சொல்லிடும்: "எக்ஸ் லிமிட்" என்று வந்தா ஆக்சிஸ் பகுதி, "ஜாயின்ட் 0 லிமிட்" என்று வந்தா ஜாயின்ட் பகுதி.

---

டேபிள்600:

அதேதான். இப்போ பிளஸ் சுவிட்ச் 622.0இல் தட்டுது, மைனஸ் -6.5இல்.

---

பல்ஸ்கணக்கு:

மொத்தம் 628.5. நடுப்புள்ளி (622 - 6.5) ÷ 2 = 307.75. அது 300இல் இருக்கணும், அதனால 7.75 குறைங்க: ஹோம்_ஆஃப்செட் = 592.25. சுவிட்ச் 614.25லும் -14.25லும் வந்து உட்காரும், இரண்டு பக்கமும் சமம். லிமிட்டை 0, 600 என்று இரண்டு பகுதியிலும் திருப்பி வைங்க. ஹோமை 580 ஆக்குங்க. இல்லாட்டி ஹோம் ஆன பிறகும் டாக் (சுவிட்சைத் தட்டும் கட்டை) சுவிட்சிலிருந்து 2.25 மிமீதான் விலகி நிற்கும்.

ஹோம்_லேட்ச்_வெல் குறியைப் பின்னாடி எப்பவாவது மாத்தினா ஆஃப்செட்டை மறுபடி அளக்கணும். இப்போ சர்ச், லேட்ச் இரண்டும் பிளஸ்: சுவிட்சிலிருந்து பின்வாங்கி, மெதுவா மறுபடி வந்து தட்டும் இடத்தைப் பிடிக்குது. குறியை மைனஸ் ஆக்கினா சுவிட்ச் விடும் இடத்தைப் பிடிக்கும். தட்டும் இடமும் விடும் இடமும் ஒன்னா இருக்காது.

---

கேபிள்செயின்:

ஒய்யைப் பார்ப்போம். டிபவுன்ஸ் (சிக்னல் சில சுற்று நிலைத்தால் மட்டும் ஏற்கும் ஃபில்டர்) போட்டு மூடி மறைப்பதற்கு முன்னால், வருவது நாய்ஸா, நிஜமாகவே தொடர்பு விடுகிறதா என்று பிரிக்க வேண்டும்.

ஹால்ஸ்கோப்பில் (லினக்ஸ்சிஎன்சியில் சிக்னலை வரைந்து காட்டும் கருவி) அந்த இன்புட்டை எடுத்து, லிமிட் சிக்னலில் டிரிகர் வைத்துவிட்டு ஸ்பிண்டிலை ஆன்-ஆஃப் செய்யுங்கள். ஒரே ஒரு சாம்பிள், அதாவது 1 மில்லிசெகண்ட் அளவு ஊசி மாதிரி வந்தால் நாய்ஸ். 20, 50 மில்லிசெகண்ட் அகலத்தில் வந்தால் வயர் அல்லது சுவிட்ச். இரண்டாவதற்கு பவரை அணைத்து, கார்டு முனையில் வயரைக் கழற்றி, மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து, ஒய்யைக் கையால் முழு தூரமும் தள்ளிப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் பஸ்ஸர் விக்கினால், டிராக் செயின் (கேபிளைச் சுமந்து நகரும் சங்கிலி) வளைவில் ஓர் இழை உடைந்திருக்கிறது. ரப்பர் உறைக்குள் செம்பு அறுந்திருப்பது வெளியே தெரியாது.

உங்கள் அறிகுறி ஸ்பிண்டிலோடு சேர்ந்து வருவதால் நாய்ஸ் என்றே சந்தேகம். செய்ய வேண்டியது இந்த வரிசையில்:

விஎஃப்டியிலிருந்து (ஸ்பிண்டில் வேகத்தை மாற்றும் டிரைவ்) ஸ்பிண்டிலுக்குப் போகும் கேபிள் ஷீல்டு உள்ளதாக இருக்கட்டும், ஷீல்டு இரண்டு முனையிலும் எர்த். லிமிட் வயருக்கு ஷீல்டு தனி, அது பேனல் பக்கம் மட்டும் எர்த். இரண்டும் ஒரே செயினில் போனால் நடுவில் தடுப்பு வைத்துப் பிரியுங்கள்.

லிமிட் வயரிங் நார்மல்லி குளோஸ்டா (சுவிட்ச் தட்டாதபோது தொடர்பு மூடியிருப்பது) என்று உறுதி செய்யுங்கள். நார்மல்லி ஓபனாக இருந்தால் வயர் அறுந்தாலும் மெஷின் கவனிக்காது, போய் முட்டும்.

அடுத்து, பலர் விட்டுவிடும் விஷயம். இந்தக் கார்டு இன்புட் எடுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு. பழைய ரோலர் சுவிட்சின் கான்டாக்டில் படிந்த கறையை அது எரித்துப் போக்காது, நீள வயரில் ஏறும் நாய்ஸையும் அடக்காது. இன்புட்டுக்கும் 0 வோல்ட்டுக்கும் நடுவில் 2.2 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள். 24 வோல்ட்டில் சுமார் 11 மில்லிஆம்பியர் ஓடும், 0.26 வாட் சூடாகும், அதனால் கால் வாட் வேண்டாம், அரை வாட் போடுங்கள். பாதித் தொல்லை இங்கேயே தீரும்.

இதற்குப் பிறகும் ஊசி தெரிந்தால் மட்டும் டிபவுன்ஸ், 5 சுற்று. 1 மில்லிசெகண்ட் சர்வோ த்ரெட்டில் (கன்ட்ரோல் சுற்றில்) 5 மில்லிசெகண்ட் தாமதம். 100 மிமீ/செகண்ட் ரேப்பிடில் (வெட்டாமல் ஓடும் வேகத்தில்) அது அரை மில்லிமீட்டர், 0.5 மிமீ/செகண்ட் லேட்சில் 0.0025 மிமீ. ஹோம் கெடாது. 50, 100 என்று ஏற்றிவிட்டு "சரியாகிவிட்டது" என்று சொல்லாதீர்கள். 100 சுற்று என்றால் ரேப்பிடில் 10 மிமீ கழித்துத்தான் மெஷினுக்கே லிமிட் தெரியும்.

ஹோமும் லிமிட்டும் ஒரே வயர் என்பதால் ஒய்யில் ஹோம்_இக்னோர்_லிமிட்ஸ் = யெஸ் இருக்கட்டும். இல்லையென்றால் ஹோம் செய்யும்போதே அதே எரர் வரும்.

---

இசட்ஜீரோ:

இசட் மெஷின் கோளாறு இல்ல, கூட்டல் கணக்கு. ஜி43 (டூல் நீளத்தைச் சேர்க்கும் கட்டளை) ஆனில் இருக்கும்போது மெஷின் இசட் = புரோகிராம் எண் + ஜி54 + டூல் நீளம். 50 - 180 + 150 = +20. இசட் ஹோம் மேலே 0 என்றால் மேக்ஸ் லிமிட்டும் 0 பக்கம்தான் இருக்கும், 20 மிமீ மேலே போகச் சொல்றீங்க. 100 மிமீ டூலுக்கு -30 வரும், அதனால அது ஓடுது. நீள டூலுக்கு மட்டும் நிற்பதன் காரணம் இதுதான்.

கேமில் (புரோகிராம் உருவாக்கும் சாஃப்ட்வேர்) ரிட்ராக்டை (டூல் மேலே ஏறும் உயரம்) 25 ஆக்கினா -5, ஓடிடும். ஆனா கிளாம்ப் உயரத்தைப் பார்த்துட்டு குறைங்க. டூல் மாத்தும் இடத்தில் ஜி53 ஜி0 இசட்0 போடுங்க, அது ஆஃப்செட் எதையும் பார்க்காது. ஜி53 அந்த ஒரு வரிக்கு மட்டும்தான் செல்லும், அடுத்த வரிக்கும் வேணும்னா மறுபடி எழுதணும்.

ஹோம் = 0, மேக்ஸ்_லிமிட் = 0 என்று விளிம்பிலேயே வச்சிருந்தா மேக்ஸை 0.5 ஆக்குங்க. தசமத்தின் கடைசி இலக்கத்தில் கொஞ்சம் தாண்டினாலும் ஹோமில் நின்னுக்கிட்டே லிமிட் எரர் கொடுக்கும்.

---

கேபிள்செயின்:

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை பாக்கி. சாஃப்ட் லிமிட்டில் (ஐஎன்ஐயில் கொடுத்த எல்லை) லினக்ஸ்சிஎன்சி வேகத்தைக் குறைத்து அழகாக நிறுத்தும். ஹார்டு லிமிட்டில் (சுவிட்ச்) அப்படியில்லை, எனேபிளை (டிரைவ் ஓடுவதற்கான அனுமதி) எடுத்துவிடும், டேபிள் தன் ஓட்டத்தில் போகும். ஆகவே லிமிட்டைத் தற்காலிகமாக விரித்து, டேபிளில் சுமை வைத்து, நிமிடத்துக்கு 600, 1500, 3000 என்று ஏற்றி சுவிட்சில் விடுங்கள். தட்டிய பிறகு எத்தனை மில்லிமீட்டர் ஓடுகிறது என்று ஒவ்வொரு முறையும் எழுதிவைத்து, முட்டுக்கட்டை வரை இருக்கும் இடத்தோடு ஒப்பிடுங்கள். பாதிக்கு மேல் போகிறது என்றால் அடுத்த வேகத்துக்குப் போக வேண்டாம். டிரைவில் டைனமிக் பிரேக் (மோட்டாரையே பிரேக்காக்கும் வசதி) ஆனில் இருக்கிறதா பாருங்கள், அல்லது டாக்கை உள்ளே நகர்த்துங்கள். இசட்டில் மோட்டார் பிரேக் வேலை செய்வதைப் பார்க்காமல் இந்தச் சோதனையே வேண்டாம்.

---

டேபிள்600:

2.2 கிலோஓம் போட்ட பிறகு ஸ்பிண்டிலை 40 தடவை ஆன்-ஆஃப் பண்ணியாச்சு, ஒய் ஒரு தடவைகூட அடிக்கல. டிபவுன்ஸ் போடல. எக்ஸ் இரண்டு பக்கமும் 14 மிமீ முன்னாடி நிற்குது. ஹார்டு லிமிட் சோதனையில் 1500இல் 3 மிமீ ஓடுச்சு, முட்டுக்கட்டைக்கு 11 இருக்கு. 3000இல் 8 ஓடினதால அங்கேயே நிறுத்திட்டேன். டைனமிக் பிரேக் ஆஃபில் இருந்தது, ஆன் பண்ணிட்டு மறுபடி அளக்கணும்.