பார்னெட் போர்ப் படம்: எங்கிரேவிங்குக்குத் தமிழ் என்ன?

ந.: நண்பர்களே, பள்ளி வரலாற்று நூலுக்குப் படக்குறிப்பு எழுதுகிறேன். திங்களன்று கோப்பு அச்சுக்குப் போகிறது. 1471 ஏப்ரல் 14, இங்கிலாந்தில் நடந்த பார்னெட் போரில் வாரிக் பிரபு ரிச்சர்ட் நெவில் வீழும் காட்சி. 19ஆம் நூற்றாண்டு எங்கிரேவிங், அதாவது தகட்டிலோ கட்டையிலோ கீறி அச்சிட்ட படம். 'பொறிப்போவியம்' என்று போட்டேன். மேற்பார்வையாளர், "மெஷின் வரைந்த படமா?" என்று கேட்கிறார்.

செ.: பொறியை விடுங்கள். அகநானூறு 67 நடுகல்லைச் சொல்லும்போது 'பெயரும் பீடும் எழுதி' என்கிறது. கல்லில் உளியால்தானே எழுத முடியும்? ஆக, எழுதுதல் என்றாலே கீறுதல்தான். 'எழுத்துப்படம்' என்க.

க.: செ. ஐயா, பிள்ளைகள் 'அ, அணில்' படத்தைத் தேடுவார்கள்! பாத்திரக்கடையில் பேர் வெட்டித் தருகிறார்கள், கல்வெட்டும் இருக்கிறது. 'வெட்டுப்படம்' போதாதா?

ந.: வெட்டுப்பட்டுச் சாகிறவரின் படத்துக்கு வெட்டுப்படமா, அம்மா?

ம.: பழைய அச்சக ஆள் சொல்கிறேன். முதலில் அது செம்பா, மரமா என்று பாருங்கள். செப்புத் தகட்டில் கீறிய பள்ளத்தில் மை தங்கும். கீறியதுதான் கறுப்பாக விழும். மரத்தில் நேர்மாறு: செதுக்கி எடுத்த இடம் வெள்ளை, மிஞ்சிய மேடு கறுப்பு. பாக்ஸ் என்ற கெட்டி மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் செதுக்கிய கட்டையை ஈய எழுத்துகளோடு சேர்த்தே அச்சிடலாம். செப்புத் தகட்டுக்குத் தனி அழுத்த எந்திரம் வேண்டும். அதனால்தான் அக்கால வரலாற்று நூல்களில் மரக்கட்டைப் படங்கள் அதிகம். ஓவியம் என்பதும் சரியில்லை. வரைந்தவர் ஒருவர், செதுக்கியவர் வேறொருவர். 'செதுக்கச்சு' எனலாம். நாங்கள் சொன்னதென்னவோ 'பிளாக்'தான்.

க.: அப்படியானால் மரத்துக்கு 'மரவெட்டு'!

ம.: வனத்துறை வந்து நிற்கும், அம்மா.

வ.: சொல் கிடக்கட்டும். குறிப்பில் 'வீரமரணம்' என்று இருக்கிறதே? அன்று காலை கடும் மூடுபனி. வாரிக் பக்கம் நின்ற ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவின் நட்சத்திரச் சின்னத்தை எதிரணி மன்னர் நான்காம் எட்வர்டின் சூரியச் சின்னம் என்று நினைத்துச் சொந்த அணியே அம்பு விட்டது. துரோகம் என்ற கூச்சல் எழுந்து அணி கலைந்தது. வாரிக் குதிரையிடம் போய்ச்சேரப் பார்த்தபோது கொன்றார்கள். அவர் உடலையும் தம்பி மாண்டேகுவின் உடலையும் லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் பார்வைக்குக் கிடத்தினார்கள். படத்தில் மட்டும் ஆள் காவியத் தலைவன்.

செ.: நடுகற்களில் 'பட்டான்' என்று இருக்கும். 'வாரிக் பிரபு பட்ட காட்சி' என்க.

ந.: 'என்ன பட்டார்?' என்று கேட்பார்கள், ஐயா. 'கொல்லப்பட்ட காட்சி' என்று மாற்றிவிட்டேன். செதுக்கச்சுக்கு மூவர் சம்மதம், எனக்கும் நேரமில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன், மரக்கட்டைதான். 'மரச் செதுக்கச்சு' என்று அனுப்புகிறேன்.

செ.: அனுப்புங்கள். செம்புக்கு இந்தச் சொல் ஒருநாளும் பொருந்தாது; மரத்தில் செதுக்குவார்கள், செம்பில் எழுதுவார்கள். அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி எழுதுவேன்.