பேட்ச் ஸ்கிரிப்ட்: கோப்பு முழுமையாகும் முன்னரே நகலெடுக்கப்படுகிறது

கேள்வி:
வணக்கம். எங்கள் பில்லிங் மென்பொருளின் ஏற்றுமதிக் கருவி, அன்றாட விற்பனையைச் சிஎஸ்வி கோப்பாக எழுதித் தரும். இரவில் ஒரு பின்னணிச் சேவை இயக்கும் விண்டோஸ் பேட்ச் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக இயக்கும் கோப்பு), அக்கருவியை 'ஸ்டார்ட்' கட்டளையால் தொடங்கி, 'டைம்அவுட்' மூலம் 60 வினாடி காத்திருந்து, 'இஃப் எக்ஸிஸ்ட்' கொண்டு கோப்பு இருப்பதைச் சரிபார்த்த பிறகே நகலெடுக்கிறது. ஆயினும் சில நாள்களில் பாதிக் கோப்பும், சில நாள்களில் 0 பைட் கோப்பும் வந்து சேர்கின்றன. நானே இயக்கினால் பிழை வருவதில்லை. காத்திருக்கும் நேரத்தைக் கூட்டியும் பயனில்லை.

மறுமொழி 1:
நேரத்தைக் கூட்டியும் பயனில்லை என்பதே நல்ல துப்பு. பின்னணிச் சேவை இயக்கும்போது நேரக்கூடியதுபோல், உள்ளீடு விசைப்பலகையிலிருந்து வராமல் திசைமாற்றப்பட்ட சூழலில் டைம்அவுட் காத்திருக்காது. பிழைச் செய்தியை எழுதிவிட்டு உடனே வெளியேறிவிடும். ஸ்கிரிப்டின் வெளியீட்டை ஒரு பதிவுக் கோப்புக்கு அனுப்பிப் பாருங்கள். மாற்றாக, தன் கணினிக்கே நொடிக்கு ஒன்றாக 61 சோதனைச் செய்தி அனுப்பும் 'பிங் -என் 61 127.0.0.1' ஏறத்தாழ 60 வினாடி காத்திருக்கும் என்றாலும், அதுவும் ஊகமே. இஃப் எக்ஸிஸ்ட் கோப்பின் பெயர் தோன்றிவிட்டதா என்று மட்டுமே பார்க்கும்; எழுதி முடிந்ததா என்பது அதற்குத் தெரியாது. ஸ்டார்ட்டுடன் '/வெயிட்' சேர்த்தால், கருவி முடியும்வரை ஸ்கிரிப்ட் நிற்கும்.

கேட்டவர்:
பதிவுக் கோப்பில் அந்தப் பிழைச் செய்தியே இருந்தது, நன்றி. ஆனால் /வெயிட் உதவவில்லை. கருவி வேறொரு சேவைக்கு ஆணை கொடுத்துவிட்டு உடனே முடிந்துவிடுகிறது. கோப்பை எழுதுவது அச்சேவைதான். கோப்பின் அளவை இருமுறை எடுத்து ஒப்பிடலாமா?

மறுமொழி 2:
அளவை நம்ப வேண்டாம். விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்ஸில் ஒரு கோப்பு எழுதப்பட்டுக்கொண்டிருக்கையில், கோப்புறைப் பட்டியலில் உள்ள அளவு அது மூடப்படும்வரை புதுப்பிக்கப்படாமல் இருக்கக்கூடும். இருமுறையும் 0 என்றே வந்து, இரண்டும் ஒன்றுதான் என்று ஸ்கிரிப்ட் திருப்தியடைந்துவிடும். போதாக்குறைக்கு, அடைப்புக்குறிக்குள் எழுதும் ஃபார் சுற்றில் சதவீதக் குறியிட்ட மாறிகள் சுற்று தொடங்கும் முன்பே மதிப்பிடப்பட்டுவிடுவதால், 'டிலேய்டு எக்ஸ்பான்ஷன்' (மாறியின் மதிப்பை அவ்வரி இயங்கும்போது எடுக்கும் வசதி) இல்லாமல் பழைய மதிப்பையே ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

'ரென்' கட்டளையால் கோப்பின் பெயரை மாற்ற முயலுங்கள். பிற நிரல் திறந்து வைத்துள்ள கோப்பின் பெயரை, அந்நிரல் நீக்குவதற்கான பகிர்வை (பிற நிரல்கள் அக்கோப்பை நீக்கவோ பெயர் மாற்றவோ விடுவதை) சிறப்பாக அனுமதித்திருந்தாலன்றி, விண்டோஸ் மாற்ற விடாது. தோற்றால் சில வினாடி கழித்து மீண்டும் முயல வேண்டும். வென்றால் புதிய பெயரில் உள்ளதை நகலெடுக்கலாம். முயற்சிகளுக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். இல்லையெனில் கோப்பே உருவாகாத இரவில் ஸ்கிரிப்ட் விடியும்வரை சுற்றிக்கொண்டிருக்கும்.

மறுமொழி 3:
ஒன்றைச் சேர்க்கிறேன். அச்சேவை கோப்பைப் பலமுறை திறந்து, பகுதி பகுதியாக எழுதி மூடுவதாக இருந்தால், இடைவெளியில் ரென் வென்றுவிடும். அப்போது எழுதும் பக்கத்தில்தான் மாற்றம் வேண்டும்: தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்த பின் அதே டிரைவுக்குள் இறுதிப் பெயருக்கு மாற்றும் வசதி மென்பொருளின் அமைப்புகளில் உள்ளதா என்று பாருங்கள். அவ்வசதி இருந்தால் உங்கள் பழைய இஃப் எக்ஸிஸ்ட் வரியே போதும்.