12 டிஸ்க்குகளில் பழுதானது எந்த ட்ரேயில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி:

வணக்கம். லினக்ஸ் சேமிப்பு சர்வர் ஒன்றில் 12 ஹார்ட் டிஸ்க்குகள். இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை, அதில் ரெய்டு-இசட்2 அமைப்பு (இரண்டு டிஸ்க் போனாலும் தரவைக் காப்பது). டிஸ்க்குகள் சேர்ந்த தொகுப்பு 'டிகிரேடட்', அதாவது பழுதோடு ஓடுகிறது என்று காட்டுகிறது. எஸ்டிஎஃப் என்ற டிஸ்க்கில் படிப்புப் பிழைகள் வருகின்றன. டிஸ்க் தன் நலத்தைத் தானே பதிந்து தரும் ஸ்மார்ட் அறிக்கையில் 197ஆம் மதிப்பு, அதாவது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு பகுதிகள்) எண்ணிக்கை, ஏறிக்கொண்டே போகிறது. மாற்று டிஸ்க் தயாராக இருக்கிறது. ஆனால் டிஸ்க்குகளைச் செருகியிருக்கும் ட்ரேக்கள் எதிலும் சீட்டு ஒட்டவில்லை, எல்லாம் ஒரே தோற்றம். எஸ்டிஎஃப்பின் கடைசி எழுத்தான 'எஃப்' ஆங்கிலத்தில் ஆறாவது எழுத்து என்பதால் ஆறாவது ட்ரேயை இழுக்கலாமா? சர்வரை நிறுத்த வழியில்லை.

பதில் 1:

தயவுசெய்து இழுக்காதீர்கள். எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்கள் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் டிஸ்க்குகளைக் கண்டறியும் வரிசையில் கிடைப்பவை. ட்ரே வரிசைக்கும் அவற்றுக்கும் தொடர்பு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அடுத்த முறை சர்வர் எழும்போது அதே டிஸ்க்கே வேறு பெயரில் வரலாம். சீரியல் எண் மாறாது. 'ஸ்மார்ட்சிடிஎல்' கட்டளையை 'ஐ' விருப்பத்துடன் ஓட்டினால் அது கிடைக்கும். முதலில் அதைத் தாளில் எழுதி வையுங்கள்.

ஏறுவது 199ஆம் மதிப்பாக (தரவுப் பரிமாற்றப் பிழைகள்) இருந்தால் கேபிளையோ இணைப்பையோ சந்தேகிக்கச் சொல்லியிருப்பேன். 197 ஏறுவதால் பழுது டிஸ்க்கில்தான்.

பதில் 2:

'லெட்மான்' மென்பொருளை நிறுவி, 'லெட்சிடிஎல்' கட்டளையில் 'லொகேட்' என்று கொடுத்துப் பாருங்கள். ட்ரேக்கள் இணையும் பின்பலகையான பேக்பிளேன் ஒத்துழைத்தால் அந்த ட்ரேயின் அடையாள விளக்கு எரியும். டிஸ்க்குகளைச் சர்வரோடு இணைக்கும் எஸ்ஏஎஸ் கார்டுக்குரிய மென்பொருள் கருவியிலும் இதே வசதி இருக்கலாம். அது ஸ்லாட் (ட்ரே செருகும் இடம்) எண்ணைச் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள்: மென்பொருள் 0இலிருந்து எண்ண, பெட்டியில் 1இலிருந்து அச்சிட்டிருப்பார்கள். நல்ல டிஸ்க்கை இழுப்பதற்கு இந்த ஒரு எண் வித்தியாசம் போதும்.

கேட்டவர்:

சீரியல் எண்ணை எழுதிக்கொண்டேன். 'லெட்சிடிஎல்' பிழை எதுவும் காட்டவில்லை. ஆனால் எந்த விளக்கும் எரியவில்லை. சீரியல் எண் டிஸ்க்கின் மேல்தான் இருக்கிறது, இழுக்காமல் படிக்க முடியாது. தரவை அப்படியே நகலெடுக்கும் 'டிடி' கட்டளையால் எஸ்டிஎஃப்பைத் தொடர்ந்து படிக்கவைத்து, எந்த ட்ரேயின் விளக்கு சிமிட்டுகிறது என்று பார்க்கலாமா?

பதில் 1:

நல்ல டிஸ்க்கைத் தேட அது சரியான வழி. சாகும் நிலையில் உள்ளதை அப்படி வருத்த வேண்டாம். மோசமான செக்டரில் சிக்கினால் விளக்கும் குழப்பமாகவே நடந்துகொள்ளும். போதாக்குறைக்கு, 'டிடி'யில் உள்ளீடும் வெளியீடும் இடம் மாறினால் தரவு அழிந்துவிடும்.

தலைகீழாகச் செய்யுங்கள். மற்ற 11 டிஸ்க்குகளிலும் பிழை இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் ரெய்டு-இசட்2 இரண்டு டிஸ்க் இழப்பைத்தான் தாங்கும். பிறகு பழுதானதை 'இசட்பூல் ஆஃப்லைன்' கட்டளையால் பயன்பாட்டிலிருந்து விலக்குங்கள். எப்படியும் மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டியதுதான் அது. அடுத்து, தொகுப்பில் உள்ள பெரிய கோப்பு ஒன்றைப் படிக்கவிடுங்கள். பதினொன்று சிமிட்டும், ஒன்று சிமிட்டாது.

பதில் 2:

ஒரு சேர்க்கை: இருட்டாக இருப்பதைத் தேடாதீர்கள், சிமிட்டாததைத் தேடுங்கள். சில டிஸ்க்குகளில் ஓய்வின்போது விளக்கு நிலையாக எரியும், வேலையின்போது மட்டும் சிமிட்டும். படிப்பதை நிறுத்தி மீண்டும் தொடங்கிப் பாருங்கள். அப்போதும் அதே ட்ரே மாறாமல் இருக்க வேண்டும்.

இழுக்கும்போது இணைப்பு விடுபடும் அளவுக்கு மட்டும் வெளியே இழுத்து, சுழற்சி நிற்கும் வரை அரை நிமிடம் பொறுங்கள். பிறகு முழுதாக எடுத்துச் சீரியல் எண்ணை ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் அதே ட்ரேயில் திரும்பச் செருகி, அந்த டிஸ்க்கை 'ஆன்லைன்' செய்யுங்கள். இடையில் மாறிய தரவு மட்டும் அதில் மீண்டும் எழுதப்படும்.

கேட்டவர்:

கிடைத்துவிட்டது! ஒன்பதாவது ட்ரே. சீரியல் எண்ணின் எல்லா இலக்கங்களும் பொருந்தின. ஆறாவதை இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது. 'இசட்பூல் ரிப்ளேஸ்' கொடுத்துவிட்டேன், புதிய டிஸ்க்கில் தரவை மீண்டும் நிரப்பும் 'ரீசில்வர்' ஓடுகிறது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மற்ற ட்ரேக்களிலும் இப்போதே சீட்டு ஒட்டிவிடலாமா?

பதில் 1:

ரீசில்வர் முடியும் வரை எந்த ட்ரேயையும் தொடாதீர்கள். முடிந்த பிறகு இழுக்காமலேயே செய்யலாம்: நல்ல டிஸ்க்குகளுக்கு உங்கள் 'டிடி' யோசனை பொருந்தும். ஒவ்வொன்றாகப் படிக்கவைத்து, சிமிட்டும் ட்ரேயின் முகப்பில் அதன் சீரியல் எண்ணை ஒட்டுங்கள். ஒன்பதாவதில் இப்போது இருக்கும் புதிய டிஸ்க்கின் எண்ணை மட்டும் இன்றே ஒட்டிவிடுங்கள்.